கீழ்த்தளத்து ரேடியோ

சலவைக் கூடத்தில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒட்டிக்கொண்ட பெயர். காலை ஏழு மணிக்கு மடிக்கும் மேசைக்கு வந்து நின்றால் மதியம் மூன்றரை வரை அவள் வாய் ஓயாது. பக்கத்து வீட்டுச் சண்டை, பேருந்தில் பார்த்த கூத்து, மேற்பார்வையாளர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் திட்டும் அழகு எல்லாம் அவளிடம் கதையாகிவிடும். இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே, அதனால் குரலும் பெரிது. அவள் வராத நாளில் கடிகாரம் நகர மாட்டேன் என்கிறது என்று மற்றப் பெண்கள் குறைபட்டுக்கொள்வார்கள்.

கூடம் ஒரு பெரிய விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே நூற்று அறுபது அறைகள். அவற்றின் விரிப்புகளும் உறைகளும் துண்டுகளும் சரக்கு லிஃப்டில் மூட்டை மூட்டையாக இறங்கி வரும். துவைத்து, உலர்த்தி, சூடான இஸ்திரி உருளைக்குள் விடுவார்கள். மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்து மடிக்க வேண்டும். நாளொன்றுக்கு முந்நூறுக்குக் குறையாது. சுவரின் உச்சியில் கைக்குட்டை அகலத்துக்கு இரண்டு ஜன்னல்கள் உண்டு. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரியும். செருப்பைப் பார்த்தே ஆளின் சம்பளத்தைச் சொல்லிவிடுவேன் என்பாள் ரேடியோ.

அவளுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் கிடையாது. கீழ்வரிசையில் மூன்று போயிருந்தன. அதை முதலில் கேலி செய்வதும் அவள்தான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று அழுதபோது, வயதில் மூத்தவள் ஒருத்தி, "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு" என்று தேற்றினாள். "எனக்கு அந்த வசதியும் இல்லை பாரு" என்று ரேடியோ வாயைத் திறந்து காட்டினாள். அழுதவளும் சிரித்துவிட்டாள்.

மூன்றரை மணிக்குச் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வருகிறவளோ வேறு ஒருத்தி. தெருவில் கால் வைத்ததும் வலது கை தானாக மேலே போய் வாயை மறைத்துக்கொள்ளும். நடத்துநரிடமும் கடைக்காரரிடமும் கைக்குப் பின்னாலிருந்து இரண்டு வார்த்தை பேசுவாள். எதிர்க்கேள்வி வந்தால் தலையை ஆட்டுவதோடு சரி. வீட்டிலும் அப்படியே. நடுவில் ஒரு தடுப்பு வைத்த ஒற்றை அறை அது. கணவர் பேருந்துப் பணிமனையில் இரவெல்லாம் பேருந்து கழுவுகிறவர். பகலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் தூங்குவார். அவரை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காகவும் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். அவர்களுக்கு ஒரே மகள். அவளைப் பொறுத்தவரை அம்மா என்றால் கைக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு.

பற்கள் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. முதல் பல் வலித்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் தினக்கூலி. அரசாங்க ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பிடுங்க வேண்டியதே இல்லை, வேரைச் சுத்தம் பண்ணி அடைத்துவிடலாம், மூன்று தடவை வந்தால் போதும் என்றார். எந்தக் கிழமை என்று கேட்டாள். வேலை நாட்களில்தான் என்றார். பிடுங்குவதென்றால் எத்தனை தடவை என்று கேட்டாள். இப்போதே முடிந்துவிடும் என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு. மூன்று நாள் கூலியைக்கூட விட்டுக்கொடுக்கலாம். மூன்று நாள் வராதவளுக்கு நான்காம் நாள் வேலை இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? பிடுங்கச் சொல்லிவிட்டாள். அடுத்த பற்களுக்கு அவ்வளவு யோசனைகூட இல்லை. வலித்தால் போவாள், பிடுங்கிக்கொள்வாள், மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடுவாள். அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் கழிப்பறை கழுவியவள். நாற்பது வயதில் அவள் வாயில் ஐந்து பல்தான் மிச்சம். அவர்கள் குடும்பத்தில் பல்லை அடைத்துக்கொண்டவர் என்று ஒருவரும் கிடையாது.

விடுதியில் சேர்ந்த ஆறாவது வருடம் மூன்றாம் மாடி அறைகளைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. எந்த அறைக்கு எத்தனை விரிப்பு, எந்தக் கறைக்கு என்ன மருந்து, எந்தப் பெண்ணிடம் எந்த வேலை கொடுத்தால் நடக்கும் என்பதெல்லாம் ரேடியோவுக்குத் தலைகீழ்ப் பாடம். பெண்கள் சேர்ந்து அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக மேலே அனுப்பினார்கள். மேலாளர் ஒரு பெண்மணி. உட்காரச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். நீ இல்லாவிட்டால் கீழே கூடமே நின்றுவிடும், உன்னை எப்படி எடுப்பது என்றார். பேசும்போது அவர் கண் ஒரு தடவை அவள் வாயில் இறங்கி, சட்டென்று மேசைக்குப் போனது. அந்த வேலை எட்டு மாதத்துக்கு முன்னால் சேர்ந்த, முகம் பளிச்சென்றிருந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று.

மறுநாள் கூடத்தில் அதுவும் கதையானது. "மேனேஜரம்மா என் மேல பல்லு படாம நைசாத்தான் பேசினாங்க. நானும் அவங்க மேல பல்லு படாமத்தான் பேசினேன். எனக்கு வேற வழி?" என்றாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் மேலே போகக் கேட்டதே இல்லை. அந்த ஆசையை மொத்தமாக மகள் தலையில் இறக்கி வைத்தாள்.

மகளுடைய பற்களை அவள் காத்ததுபோல் யாரும் நகையைக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். காலையும் மாலையும் பக்கத்தில் நின்று தேய்க்க வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். மகளுக்குப் பதினொரு வயதில் கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. வேலை போனால் போகிறது என்று மூன்று நாள் லீவு போட்டு, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, அடைக்க வைத்துத்தான் திரும்பினாள். மேற்பார்வையாளர் ஒரு வாரம் மூக்கை உறிஞ்சினார். அவளுக்கு அது காதில் விழவே இல்லை. குடும்பத்தில் முதன்முதலாக அடைத்த பல்!

மகள் பள்ளிப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். கணினியும் கணக்கும் கற்றுத்தரும் ஓராண்டுப் படிப்பையும் முடித்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பு வேலை, பெரிய கடை ஒன்றில் அலுவலக வேலை, கூரியர் நிறுவனம் என்று வரிசையாக விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்வு வைத்த இடத்திலெல்லாம் தேறிவிடுவாள். நேரில் கூப்பிட்டுப் பேசிய பிறகு பதில் வராது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. சிபாரிசு இல்லாததுதான் காரணம் என்றார் கணவர். ரேடியோவும் அப்படித்தான் நம்பினாள். நம்பியது ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது.

நான்காவதாக ஒரு காப்பீட்டு அலுவலகம். போய்விட்டு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நேர்காணலில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் பின்னாலேயே எழுந்து வந்து நடைபாதையில் நிறுத்திப் பேசினாராம்.

"நான் பேசினது அவங்களுக்குப் பாதி கேக்கவே இல்லையாம்மா. 'ஏன் வாயை மூடிக்கிட்டே பேசுறே? எதையோ மறைக்கிற மாதிரி இருக்கு'ன்னாங்க. நான் மூடவே இல்லையேன்னு சொன்னேன். 'இப்பக்கூட மூடிக்கிட்டுத்தாம்மா இருக்கே'ன்னு சொன்னாங்க."

அதைச் சொல்லும்போதும் மகளின் வலது கை வாயின் மேல்தான் இருந்தது. நான்கு விரலும் ஒட்டி, கட்டைவிரல் கன்னத்து எலும்பின் கீழே அணைத்து. ரேடியோ கண் கொட்டாமல் அந்தக் கையைப் பார்த்தாள். அது அவளுடைய கை. இத்தனை வருடமாக டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தவளுக்கு, அதன் முன்னால் இருந்த கை ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

அன்றைக்கு அவளுக்கு வேலை எதிலும் கை ஓடவில்லை. பழைய தகரப் பெட்டியில் கிடந்த பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவளே ஆறாம் வகுப்பு படித்தபோது எடுத்தது. தரையில் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் ஈயென்று இளித்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் வாயைக் கையால் மூடியிருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு பல் இல்லாவிட்டாலும் அந்த வயதில் முளைத்திருக்க வேண்டியவை அத்தனையும் இருந்தன. அம்மா மூடினாள், அவளும் மூடினாள், அவ்வளவுதான். அட்டைப்பெட்டி ஒட்டப் போவதற்கு முன்னால் அவளும் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுப் போயிருந்தாள், பல் ஒன்றும் போகாத காலத்தில். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. புகைப்படத்தை மகளிடம் காட்டாமல் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மறுநாளிலிருந்து, "கையை எடு" என்று ஆரம்பித்தாள். சோறு போடும்போது கையை எடு, துணி காயப்போடும்போது கையை எடு. மகளும் முயன்றாள். எடுத்த கை அடுத்த வாக்கியத்திலேயே மேலே போகும். சொல்லச் சொல்ல மகள் பேசுவதைக் குறைத்தாள். கடைசியில் ஆமாம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள். விண்ணப்பம் எழுதுவதையும் விட்டாள். அவளைப் பார்க்க ரேடியோவுக்கு மனசு தாங்கவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏதோ பெரிய மாநாடு என்று விடுதி நிரம்பி வழிந்தது. சலவைக் கூடத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மகளை அங்கே கூட்டிப்போக ரேடியோவுக்குத் துளியும் விருப்பமில்லை. மகள்தான், சும்மா இருப்பதற்கு இது மேல் என்று கிளம்பினாள்.

மேற்பார்வையாளர் அம்மாவையும் மகளையும் ஒரே மேசையில் நிறுத்தினார். உருளையிலிருந்து விரிப்பு வந்தது. ஆளுக்கு இரண்டு முனை. உதறினார்கள். பக்கத்து மேசைப் பெண், "என்ன ரேடியோ, மக வந்ததும் ஸ்டேஷன் மூடிட்டாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், ரேடியோவுக்குப் பழக்கம் விடவில்லை. அன்று காலை பேருந்தில் ஒருவர் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிப்போய், பக்கத்து ஆளின் தோளைத் தன் வீட்டுத் தலையணை என்று நினைத்துத் தட்டிச் சரி செய்ததை நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். மகள் விரிப்பின் மறுமுனையில் வாய் பிளந்து நின்றாள். இந்தக் குரலை அவள் கேட்டதில்லை. இந்த முகத்தையே பார்த்ததில்லை.

பிறகு மகள் சிரித்தாள். குனிந்து குலுங்கிச் சிரித்தாள். இரண்டு கையிலும் விரிப்பின் முனைகள் இருந்ததால் கை எங்கும் போகவில்லை. நிமிர்ந்தபோது அத்தனை பற்களும் தெரிந்தன. ரேடியோ கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் விரிப்புகள் குவிந்துகொண்டிருந்தன.

"வீட்ல ஏம்மா இப்படிப் பேச மாட்டேங்கிறே?" என்று கேட்டாள் மகள்.

"வீட்ல கை சும்மா இருக்கே" என்றாள் ரேடியோ.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. இரண்டு மாதம் இரண்டு வருடமாயிற்று. யாரும் திட்டமிடவில்லை, மாநாடு முடிந்ததும் ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள், இன்னொருத்தி நின்றுவிட்டாள், இடம் இருந்துகொண்டே இருந்தது. மகளும் கதை சொல்லத் தொடங்கினாள். அம்மா விட்ட இடத்தில் மகள் பிடித்துக்கொள்வாள். குட்டி ரேடியோ என்று பெயரும் வைத்தாயிற்று. ரேடியோவின் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. காலையில் எழும்போதே, இன்றைக்கு அவளிடம் எதைச் சொல்லலாம் என்று தோன்றும். விரிப்பின் நீளத்துக்கு அப்பால் நிற்கிற மகள், மடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே தன்னை நோக்கி நடந்து வருவாள். அதற்காகவே இன்னும் ஐநூறு விரிப்பு வந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், பேருந்து ஜன்னலோரம் வாயை மூடியபடி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் மேற்பார்வையாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மகளை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறார்களாம். அடையாள அட்டை, இரண்டு சீருடை, வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு. பெண்கள் கைதட்டினார்கள். கணவர் அன்று சாயங்காலம் தூக்கத்தை விட்டு எழுந்து உட்கார்ந்து சந்தோஷப்பட்டார். ரேடியோ அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே தாளைத்தான் அவளும் ஒரு காலத்தில் வாங்கியிருந்தாள். சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மகள் கையெழுத்துப் போடுவதற்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ரேடியோ சீருடையோடு சரக்கு லிஃப்டில் ஏறி மேலே போனாள். விருந்தினர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசி, எந்த அறைக்கு என்ன வேண்டும் என்று குறித்துச் சொல்லும் மேசையில் ஒரு இடம் காலியாக இருப்பதாகக் கூடத்தில் பேச்சு அடிபட்டிருந்தது. மேலாளர் அதே பெண்மணிதான். கண்ணாடி போட்டிருந்தார், முடி நரைத்திருந்தது. ரேடியோவை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்காக வந்திருக்கேங்க. அன்னைக்கு என்னை ஏன் மேல எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், அதைக் கேக்க வரலை. அவளுக்குப் பல்லு எல்லாம் இருக்கு, ஒண்ணுகூடப் போகலை. கை மட்டும் வாய்க்குப் போகுது. என்னைப் பார்த்துப் பழகினது. போன்ல பேசுறப்போ ஒரு கை ரிசீவரைப் பிடிச்சிருக்கும், ஒரு கை எழுதிக்கிட்டிருக்கும். ஒரு தடவை வச்சுப் பாருங்க."

இவ்வளவையும் பல்லில்லாத வாயால், அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே சொல்லி முடித்தாள். மேலாளர் இந்தத் தடவை கண்ணை இறக்கவில்லை. "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. மகள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். இத்தனை படித்தவள் எதற்குக் கீழே விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆச்சரியப்பட்டார். ஒரு மாதம் பார்ப்போம் என்றார் மேலாளர்.

விஷயத்தைக் கேட்டதும் மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. மேசையில் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, "எனக்கு இங்கேயே நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான் நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றாள் ரேடியோ.

மகள் போனாள். முதல் வாரம் திக்கித் திணறினாள்; ஒருமுறை அழுதுகொண்டு கீழே இறங்கி வந்துவிட்டாள், பெண்கள் எல்லோருமாகத் தேற்றி மேலே ஏற்றினார்கள். அந்த ஒரு மாதம் தாண்டியது. ஆறு மாதத்தில், அந்த மேசையில் எரிச்சலோடு பேசும் விருந்தினர்களைச் சமாளிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்றானது. நேரில் யாராவது வந்து நின்றால் இன்னும் கை எழும்பத்தான் செய்கிறது. பாதி வழியில் அவளே அதைப் பார்த்துக் கீழே இறக்கிவிடுகிறாள். சம்பளம் சேர்ந்ததும் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போய்ப் பல்செட் வாங்கிக் கொடுத்தாள். ரேடியோ அதை வெளியே போகும்போது போட்டுக்கொள்வாள். கூடத்துக்குள் வந்ததும் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவாள். இதை மாட்டிக்கொண்டால் ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை என்பாள்.

மகளுக்கு வேலை மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும். முடித்து வீடு வரும்போது, விடியற்காலையில் எழ வேண்டிய அம்மா படுத்திருப்பாள். மகளுக்கு லீவு நாளில் அம்மாவுக்கு வேலை. மகளுக்கு எடுத்து வைத்த சாப்பாட்டின் மேல் ஒரு தட்டு மூடி இருக்கும். மறுநாள் அந்தத் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். சில வாரங்களில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அவ்வளவுதான்.

மேசையின் மறுமுனையில் இப்போது வேறு ஒரு பெண் நிற்கிறாள். நல்ல பெண், கை சுறுசுறுப்பு. ரேடியோ அவளுக்கும் கதை சொல்கிறாள். ஆனால் ஒரு மணியானதும் அவள் காது சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசிப் பக்கம் போய்விடும். முன்பெல்லாம் அது அடித்தால் ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். அதில் வேலையைத் தவிர வேறு என்ன வரப்போகிறது? இப்போது விரிப்பைப் பாதியில் போட்டுவிட்டு அவள்தான் ஓடுவாள்.

"வணக்கம், நான்காம் மாடிக்கு ஆறு துண்டு வேணும், கொஞ்சம் சீக்கிரம் அனுப்புறீங்களா?" என்று மகளின் குரல் வரும். பக்கத்தில் யாராவது அதிகாரிகள் இருப்பார்கள்; அதனால் யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல், தெளிவாக, மரியாதையாகப் பேசுவாள். ரேடியோவும் அம்மா என்று காட்டிக்கொள்ள மாட்டாள். "சரிங்க, அனுப்புறோம்" என்பாள். எந்த மாடி என்று தெரிந்திருந்தாலும் இன்னொரு தடவை கேட்பாள். மகள் மறுபடியும் சொல்வாள், அந்தக் குரலில் சிரிப்பு லேசாகத் தட்டும். அதைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாள்.

சில நாட்களில் எடுத்ததும் வேறு பெண்ணின் குரல் இருக்கும். அப்போதும் ரேடியோ எந்த அறை, எத்தனை துண்டு என்று சரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தொலைபேசியை மாட்டிவிட்டு, மேசைக்குத் திரும்பி விரிப்பின் முனைகளை எடுப்பாள்.